ஆண் விலங்கும் பார்த்துத்தான் சேருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் புலாவ் உபினிலும் தமிழ்க் குடும்பங்களை இயற்கை நடைக்குக் கூட்டிப்போகும்போது, ஒரு நண்டோ காட்டுக்கோழியோ கண்ணில் பட்டால் போதும், பேச்சு ஆண் பெண் விவகாரத்துக்குத் திரும்பிவிடும். "பெண்தானே துணையைத் தேர்ந்தெடுக்கும்?" என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். அது பாதிப் பாடம்தான். மீதிப் பாதியைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் கேட்டதும் உண்டு, பேரனோடு வந்த தாத்தா கேட்டதும் உண்டு.

எந்தப் பெட்டை கிடைத்தாலும் ஆண் சேரத் தயாராகத்தானே இருக்கும்? அதற்குத் தேர்வு எதற்கு?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 'இவள் வேண்டாம்' என்று திரும்பிப் போவது மட்டுமே தேர்வு ஆகாது. யார் முன்னால் எவ்வளவு நேரம் ஆடிக்காட்டுவது, யாருக்காக இன்னொரு ஆணோடு மல்லுக்கட்டுவது, சேர்ந்தபின் எவ்வளவு விந்து கொடுப்பது, குஞ்சுக்கு எவ்வளவு இரை சுமப்பது, இவை எல்லாமே தேர்வுதான். தேக்கா சந்தையில் வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்ப்பவர் எந்தக் காயையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பைக்குள் எது போனது என்று பார்த்தால்தான் அவர் தேர்வு தெரியும். ஆண் விலங்கின் தேர்வும் பெரும்பாலும் அந்த மாதிரி, சத்தம் இல்லாதது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களே அதைக் கவனிக்க இவ்வளவு காலம் ஆனது.

அப்படியானால் பள்ளியில் ஏன் 'ஆண் போட்டி போடும், பெண் தேர்ந்தெடுக்கும்' என்று சொல்லித்தந்தார்கள்?

1871இல் டார்வின் பாலினத் தேர்வைப் பற்றி, அதாவது துணைக்கான போட்டியும் விருப்பமும் ஒரு இனத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பற்றி, விரிவாக எழுதியபோது, ஆண்களும் சில இனங்களில் தேர்ந்தெடுக்கின்றன என்பதைக் குறிப்பிடத் தவறவில்லை. ஆனால் அவர் காட்டிய பளிச்சென்ற உதாரணங்கள் மயில் மாதிரியானவை. தைப்பூசத்தில் காவடியில் ஆடும் அந்தப் பீலியைப் பார்த்தவர்களுக்கு, பெட்டை பார்த்து மயங்கத்தான் இவ்வளவும் என்பதை நம்பக் கஷ்டம் இல்லை. பெண் தேர்வு புத்தகத்தில் நிலைத்தது, ஆண் தேர்வு அடிக்குறிப்பாகப் போனது.

அப்புறம் 1948இல் ஆங்கஸ் பேட்மன் பழ ஈக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அதிகப் பெட்டைகளோடு சேர்ந்த ஆணுக்குக் குஞ்சுகள் கூடுகின்றன, பெட்டைக்கு அப்படிக் கூடுவதில்லை என்றார். 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் அதற்குக் காரணம் சொன்னார்: குஞ்சுக்காக அதிகம் செலவழிக்கும் பால் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவழிக்கும் பால் போட்டி போடும். இது அருமையான விதி. கவனியுங்கள், அதில் 'பெண்' என்ற சொல்லே இல்லை! செலவழிப்பது யார் என்பதுதான் கேள்வி. பாடப் புத்தகங்கள் சுருக்கும்போது செலவை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டன.

பேட்மனின் சோதனையிலும் ஓட்டை இருந்தது. யார் குஞ்சு யாருடையது என்று அறிய அவர் உடற்குறை உள்ள ஈக்களைப் பயன்படுத்தினார். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் குறையை வாங்கிய குஞ்சுகள் பல, எண்ணுவதற்கு முன்பே செத்துப்போயின. கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 2012இல் பட்ரீசியா கோவாட்டி குழுவினர் அதே சோதனையைத் திரும்பச் செய்து இதைக் காட்டினார்கள்.

சரி, எப்போது ஆணுக்குத் தேர்ந்தெடுப்பது லாபம்?

முதலில், சேர்வதற்கு ஆண் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். உணவு, நேரம், விந்து, குஞ்சு வளர்ப்பு, சில சமயம் உயிர். இரண்டாவது, பெட்டைகளுக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும். எல்லாப் பெட்டையும் ஒரே அளவு முட்டை இடும் என்றால் பார்த்துச் சேர்ந்து என்ன ஆகப்போகிறது? பூச்சியிலும் மீனிலும் உடல் பெரிதானால் முட்டையும் கூடும், அதனால் அங்கே ஆண் தேர்வு அடிக்கடி தென்படுகிறது. மூன்றாவது, இன்னொரு பெட்டை பக்கத்தில் கிடைக்க வேண்டும். வாழ்நாளில் ஒன்றைத்தான் சந்திக்கும் ஆண் அதையும் தட்டிக்கழித்தால் வம்சம் அத்தோடு முடிந்தது.

இந்தக் கணக்கு ஒரே இனத்துக்குள்ளேயே மாறும் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் மகரந்தம் தின்னும் ஒரு பச்சை வெட்டுக்கிளி இனம் உண்டு. ஆண் சேரும்போது விந்தோடு சேர்த்து ஒரு சத்துப் பொதியையும் கொடுக்கும், பெட்டை அதைத் தின்னும். 1990இல் டாரில் குவின், லீ சிம்மன்ஸ் இருவரும் உணவின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். உணவு தட்டுப்பாடாக இருந்தபோது பொதியை உண்டாக்குவது ஆணுக்குப் பெரும்பாடு, பெட்டைக்கோ பசி. பெட்டைகள் ஆணுக்காகச் சண்டை போட்டன, ஆண் பார்த்துப் பொறுக்கியது. உணவைத் தாராளமாகக் கொடுத்ததும் வழக்கமான கதை திரும்பிவிட்டது. மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியது செலவு மட்டும்.

இதே குவின் 1981இல் அமெரிக்க மோர்மன் வெட்டுக்கிளியைப் பற்றி எழுதியதும் இதே திசைதான். அங்கே ஆண் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கைப் பொதியாகக் கொடுக்கிறது. பெட்டைதான் ஆணின் முதுகில் ஏறும். ஏறியவுடன் ஆணுக்கு எடை தெரிந்துவிடும். இலேசான பெட்டை என்றால் ஆண் பொதியைக் கொடுக்காமல் நழுவிவிடும். கனமான பெட்டை என்றால் வயிற்றில் முட்டை அதிகம்.

விந்துக்கு என்ன செலவு? அது இலவசம்தானே?

ஒரு விந்தணு மலிவு, ஒருமுறை சேரத் தேவையான மொத்த விந்து மலிவு இல்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுகளில் சோய் என்ற ஆட்டினம் மேய்கிறது. பெரிய கொம்புக் கிடாக்கள் பருவம் முழுக்கச் சண்டையிலும் சேர்க்கையிலும் ஓய்வின்றித் திரியும். பருவத்தின் கடைசியில் பார்த்தால் அவற்றின் விந்து வற்றிப்போகிறது. அந்த நேரத்தில் சின்னக் கிடாக்களின் குட்டிகள் கூடுவதை 2001இல் கண்டார்கள். அப்படி வற்றிப்போகும் அபாயம் இருப்பதால் பெரிய கிடாக்கள் எல்லா ஆட்டையும் சமமாகத் துரத்துவதில்லை, எடை கூடிய பெட்டைகளைத் தேடிப் போகின்றன.

கோழியில் இது இன்னும் நுணுக்கம். 2017இல் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் சேவல் கூவுகிறது என்று புகார் போய்ச் செய்தியெல்லாம் வந்ததே, அந்தச் சேவல்களை அன்று யாரும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். டொம்மாசோ பிஸ்ஸாரி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் சேவல் எத்தனை முறை ஏறுகிறது என்பதை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு முறையும் எவ்வளவு விந்து போகிறது என்று அளந்தார்கள். கொண்டை பெரிதாக இருக்கும் பெட்டைக்கு அதிகம் போனது. அந்தப் பெட்டைகள் இடும் முட்டையும் பெரிது. ஒரே பெட்டையோடு திரும்பத் திரும்பச் சேர்ந்தால் அளவு குறைந்துகொண்டே வந்தது, புதுப் பெட்டை வந்ததும் மறுபடி கூடியது. பார்ப்பவருக்குச் சேவல் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. உள்ளே கணக்கு வேறு.

சிங்கப்பூரில் இதை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

உங்கள் புளோக்குக்குப் பக்கத்து லோங்காங், அதாவது கால்வாய், போதும். மழை விட்டு ஓரிரு நாள் கழித்து, தண்ணீர் தெளிந்து மெதுவாக ஓடும் கால்வாயின் ஓரத்தில் நின்று குனிந்து பாருங்கள். வால் பக்கம் ஆரஞ்சும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சின்ன மீன்கள் ஆண் கப்பி. அவற்றைவிடப் பெரிதாக, நிறமே இல்லாமல் சாம்பல் பூசினாற்போல வயிறு புடைத்து நிற்பவை பெட்டைகள். பூர்வீகம் டிரினிடாட், வெனிசுவேலா பக்கம். கொசுவை ஒழிக்கும் என்று உலகம் முழுக்க விட்டதும் வளர்ப்பு மீன் வியாபாரமும் சேர்ந்து இதை எங்கும் பரப்பிவிட்டன.

ஒரு ஆணை மட்டும் கண்ணை எடுக்காமல் பின்தொடருங்கள். பெட்டையின் முகத்துக்கு முன்னால் போய் உடம்பை ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைத்து, துடுப்பை விரித்து நடுங்கும். அதுதான் ஆடிக்காட்டுவது. பெட்டை கண்டுகொள்ளாவிட்டால் பின்பக்கமாக வந்து, குத்துக்கோல் மாதிரி நீண்ட அடித்துடுப்பை முன்னால் மடக்கிச் சட்டென்று பாயும். இப்போது அது எந்தப் பெட்டைக்குப் பின்னால் அதிக நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். சோதனைத் தொட்டிகளில் பலமுறை கண்டது, ஆண் கப்பி பெரிய பெட்டையைத்தான் நாடும். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். தாய் பெரிதானால் ஒரே ஈற்றில் குட்டிகள் அதிகம். பழகிய பெட்டையைவிடப் புதுசாக வந்ததன் மேல் நாட்டம் கூடும் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பிடில் நண்டு பார்க்க வேண்டுமானால் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து புலாவ் உபினில் உள்ள செக் ஜாவாவின் மரப்பாதைக்குப் போங்கள். ஆண் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டி அழைப்பதை எல்லாரும் ரசிப்பார்கள். யாரைப் பார்த்து ஆட்டுகிறது என்று கவனிப்பவர் குறைவு. ஆஸ்திரேலியாவின் ஒரு பிடில் நண்டு இனத்தில் ஆண்களுக்குப் பெரிய பெட்டைகள் மேல் நாட்டம் கூடுதல் என்று 2007இல் காட்டியிருக்கிறார்கள்.

அங்கிள், எட்டுக்கால் பூச்சியில் ஆணைப் பெட்டை தின்றுவிடும்தானே? அது எப்படித் தேர்ந்தெடுக்கும்?

கேட்டது ஒன்பது பத்து வயதுப் பையன். நல்ல கேள்வி. உயிரையே கொடுக்கிறவன் பார்த்துத்தானே கொடுப்பான்?

நம் ஊரிலேயே இதற்குக் கதை இருக்கிறது. கட்டடச் சுவரிலும் மரத்தண்டிலும் வலை கட்டும் நெபிலெங்கிஸ் மலபாரென்சிஸ் என்ற சிலந்தியை வைத்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லி டைச்சின் குழுவினர் 2012இல் ஒரு வினோதத்தை வெளியிட்டார்கள். ஆண் சிலந்தியின் தலைப் பக்கம் இரண்டு சிறு உறுப்புகள் இருக்கும், விந்தைச் செலுத்துவது அவற்றால்தான். பெட்டையோ ஆணைவிடப் பல மடங்கு பெரிது. சேரும் நேரத்தில் ஆண் அந்த உறுப்பை உடைத்துப் பெட்டையின் உடலிலேயே விட்டுவிட்டுத் தப்பி ஓடுகிறது. உடைந்த துண்டு, ஆண் இல்லாமலேயே விந்தைச் செலுத்திக்கொண்டிருக்கிறது! மற்ற ஆண்களுக்கு அடைப்பாகவும் உதவுகிறது. இரண்டு உறுப்பும் போனபின் அந்த ஆண் மலடு. அப்புறம் பெட்டையின் பக்கத்தில் காவல் நிற்பதுதான் மிச்ச வேலை.

வாழ்நாளுக்கு இரண்டே வாய்ப்பு என்று இருக்கும்போது யாரிடம் செலவழிப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியில், பெட்டை ஏற்கெனவே வேறு ஆணோடு சேர்ந்ததா இல்லையா என்பதை வலை நூலில் உள்ள வாசனையை வைத்தே ஆண் கண்டுகொள்கிறது. சேராத பெட்டையைத் தேடிப் போகிறது.

இன்னொன்றும் இங்கேதான் நடந்தது. இட்லிப்பூச் செடிகளில் திரியும் காஸ்மோபேசிஸ் அம்ப்ராட்டிகா என்ற தாவும் சிலந்தியைப் பலர் வீட்டுப் பக்கத்திலேயே பார்த்திருக்கலாம், பெயர்தான் தெரிந்திருக்காது. புற ஊதா ஒளி படும்போது பெட்டையின் முகப்பக்கத்துச் சிற்றுறுப்புகள் பச்சையாக ஒளிரும். ஆணிடம் அது இல்லை, ஆணின் உடல் புற ஊதா ஒளியைத் திருப்பியடிக்கும். மேத்யூ லிம், மைக்கேல் லாண்ட், லி டைச்சின் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில் புற ஊதா ஒளியை மறைத்தார்கள். பெட்டைகள் ஆண்களைச் சட்டை பண்ணவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஒளிராத பெட்டைகளை ஆண்களும் பெரும்பாலும் சீண்டவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துத்தான் சேர்கின்றன.

கடல் குதிரையில் ஆண்தானே பிள்ளை பெறும்? அப்படியானால் அங்கே முழுக்க ஆண் தேர்வா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அவ்வளவு சுலபமாக இல்லை. சைனாடவுன் மருந்துக் கடைகளில் காய்ந்து கிடப்பதை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல்: நம் கடலிலேயே உயிரோடு இருக்கின்றன, தீவுகளின் பவளப்பாறைப் பக்கம் முக்குளிப்பவர்கள் பார்க்கிறார்கள். பெட்டை முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் இடும், ஆண் சுமந்து பெறும். ஆனாலும் ஆய்வு செய்த கடல் குதிரை இனங்களில் துணைக்காக அதிகம் முண்டியடிப்பது ஆண்தான். சுமப்பதையும் செலவழிப்பதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

கடல் குதிரையின் சொந்தக்காரனான குழல்மீனில்தான் பாத்திரம் உண்மையாகவே மாறுகிறது. ஒரு பெட்டை உண்டாக்கும் முட்டைகள் பல ஆண்களின் பையை நிரப்பும் அளவு இருப்பதால், பஞ்சம் ஆணின் பைக்குத்தான். ஸ்வீடனில் ஆய்ந்த குழல்மீன்களில் ஆண்கள் பெரிய பெட்டைகளையே விரும்பின. 2010இல் கிம்பர்லி பாக்சோல்ட், ஆடம் ஜோன்ஸ் இருவரும் மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனில் இன்னொரு படி கண்டார்கள். சின்னப் பெட்டையின் முட்டைகளைச் சுமக்கும்போது குஞ்சுகள் குறைவாகவே பிழைத்தன. கர்ப்பத்துக்குள்ளேயே தகப்பன் கையைச் சுருக்குகிறான் என்று அவர்கள் கருதினார்கள். படிக்கும்போது எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது உண்மை.

அப்படியானால் பெட்டைகள் ஏன் மயில் மாதிரி அலங்கரித்துக்கொள்வதில்லை?

அலங்காரத்துக்கான சத்து எங்கிருந்து வரும்? முட்டைக்குப் போக வேண்டிய சத்திலிருந்துதான். ஆண் தேடுவதே முட்டையை. முட்டையைக் குறைத்துத் தோகை வளர்த்த பெட்டையை நாடும் ஆணுக்கு நஷ்டம். ஆகவே பல இனங்களில் பெட்டையின் பருமனே அலங்காரம்.

விதிவிலக்கு இருக்கிறது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கொண்டை ஆக்லெட் என்ற கடற்பறவையின் நெற்றியில், ஆண் பெண் இரண்டுக்குமே முன்னால் வளைந்த கொண்டை உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரே குஞ்சை வளர்க்கின்றன. இயன் ஜோன்ஸ், பியோனா ஹன்டர் இருவரும் பொம்மைப் பறவைகளை வைத்துப் பார்த்தார்கள். நீளக் கொண்டை வைத்த பெண் பொம்மையிடம் ஆண்கள் அதிகம் காதல் காட்டின, ஆண் பொம்மையிடம் பெட்டைகளும் அப்படியே. 1993இல் வந்த ஆய்வு இது. குஞ்சு வளர்க்கும் பாரத்தை இருவரும் சுமக்கும்போது இருவரும் பார்த்துத்தான் சேர்கிறார்கள்.

ஆண் ஏமாறுவது உண்டா?

நிறைய! வட அமெரிக்காவில் ஒரு நடன ஈ உண்டு. அதன் பெட்டை வேட்டையாடாது, ஆண் பிடித்துக் கொண்டுவரும் இரைதான் சாப்பாடு. கொழுத்த வயிறு உள்ள பெட்டைக்கே ஆண் இரையைக் கொடுக்கும். பெட்டை என்ன செய்கிறது? கூட்டத்துக்குள் பறக்கும் முன் காற்றை விழுங்கி வயிற்றைப் பலூனாக ஊதிக்கொள்கிறது. மாலை மங்கலில் கீழிருந்து பார்க்கும் ஆணுக்கு, வானத்தின் பின்னணியில் முட்டை நிறைந்த பெட்டை போலத்தான் தெரியும்.

ஆஸ்திரேலிய ஜூவல் வண்டின் நிலைமை இதைவிடப் பாவம். ஆண் தேடுவது பெரிய, பளபளப்பான, பழுப்பு நிறமான, மேலே சொரசொரப்பு உள்ள பெட்டை. சாலையோரம் வீசிய பழுப்பு பீர் பாட்டிலில் இவை எல்லாம் பெட்டையிடம் இருப்பதைவிட அதிகமாக இருக்கின்றன. வெயிலில் காய்ந்து சாகும்வரை ஆண் வண்டுகள் பாட்டிலை விட்டு இறங்குவதில்லை. இதை 1983இல் எழுதியதும் மேலே சொன்ன அதே குவின்தான், டேவிட் ரென்ட்ஸோடு சேர்ந்து. 2011இல் இருவருக்கும், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

ஏமாற்றம் போலத் தெரிவதெல்லாம் ஏமாற்றமும் இல்லை. டெக்சஸ், மெக்சிகோ பக்கம் வாழும் அமேசான் மோலி மீனில் ஆணே கிடையாது. முட்டை வளரத் தொடங்க வேறு இன ஆணின் விந்து தேவை, ஆனால் அந்த ஆணின் மரபணு குட்டிக்குப் போகாது. சுத்த நஷ்டம் போலத்தானே இருக்கிறது? 1994இல் இங்கோ ஷ்லுப் குழுவினர் காட்டியது: அமேசான் மோலியோடு சேரும் ஆணைப் பார்த்த அந்த ஆணின் சொந்த இனப் பெட்டைகள், பின்னர் அதையே நாடின. ஆகவே ஆணுக்கும் லாபம் உண்டு.

குரங்குகளில்?

நீண்டவால் குரங்குகளைப் புக்கிட் தீமாவில் பார்த்தவர்களுக்கு, கடுவன் (ஆண்) ஒன்று மந்தியின் (பெண்) முதுகில் பேன் பார்ப்பது பழகிய காட்சி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் குமர்ட், இந்தோனேசியாவின் களிமந்தானில் இதே இனத்தைக் கவனித்து எழுதினார். கடுவன் பேன் பார்த்தபின் மந்தி அதோடு சேரும் வாய்ப்பு கூடியது. அக்கம்பக்கத்தில் மந்திகள் குறைவாக இருந்தால் அதிக நேரம் பேன் பார்க்க வேண்டியிருந்தது, அதிகமாக இருந்தால் கொஞ்ச நேரம் போதும். விலை சந்தையைப் பொறுத்தது.

சிம்பன்சி பற்றி ஒரு வரி: உகாண்டாவின் கிபாலே காட்டில் ஆண் சிம்பன்சிகள் இளம் பெட்டைகளைவிட வயதான தாய்களையே அதிகம் நாடின என்று 2006இல் மார்ட்டின் முல்லர் குழுவினர் எழுதினார்கள். பிள்ளை வளர்த்துக் காட்டியவளுக்குத்தான் அங்கே மவுசு.

எல்லா ஆணும் ஒரே 'நல்ல' பெட்டையை விரும்பினால் என்ன ஆகும்?

இதுதான் ஆண் தேர்வின் பரிணாமத்தில் முள் மாதிரி உறுத்தும் கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பெட்டையிடம் 100 முட்டை, இன்னொன்றிடம் 40. ஆறு ஆண்கள் முதலாமவளைச் சுற்றினால் சராசரியாக ஒருவருக்கு 17கூடத் தேறாது. யாரும் கண்டுகொள்ளாத இரண்டாமவளிடம் போன ஆணுக்கு 40ம் கிடைக்கும். அப்படியானால் 'சிறந்தவளை நாடு' என்ற நாட்டம் தானே தன் காலைவாரிக்கொள்கிறது. பெண் தேர்வில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை, ஏனென்றால் ஒரு ஆண் பல பெட்டைகளின் முட்டைகளைக் கருவுறச் செய்ய முடியும்.

மரியா செர்வேடியோ, ரஸ்ஸல் லாண்டே இருவரும் 2006இல் இதைக் கணிதமாகச் செய்தார்கள். வெறும் அழகுக்கான ஆண் நாட்டம் நிலைப்பது கடினம், முட்டை எண்ணிக்கை மாதிரி நேரடி லாபத்தைக் காட்டும் அடையாளத்துக்கான நாட்டம் நிலைக்க வழி உண்டு. இன்னொரு கோட்பாடு, பலமில்லாத ஆண் கூட்டம் இல்லாத பெட்டையைத் தேடிப் போவதே புத்தி என்கிறது. ஆக எல்லா ஆணுக்கும் ஒரே ரசனை இருக்க வேண்டியதில்லை.

போட்டியாளன் பார்க்கும்போது நடிப்பதும் உண்டு. அட்லாண்டிக் மோலி மீன்களை ஆராய்ந்த மார்ட்டின் பிளாத் குழுவினர், இன்னொரு ஆண் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆண் முதலில் தனக்குப் பிடிக்காத பெட்டையிடம் போவதைக் கண்டார்கள். பார்ப்பவன் தன்னைக் காப்பியடிக்கக் கூடாதே என்ற தந்திரம் என்பது அவர்கள் கணிப்பு.

நெரிசலின் சுமை பெட்டை மேலும் விழும். பழ ஈயில் ஆண்கள் பெரிய பெட்டைகளைத்தான் மொய்க்கும். அதிக முட்டையிடக்கூடிய அந்தப் பெட்டைகளே இந்தத் தொல்லையால் அதிகம் இழக்கின்றன என்று 2009இல் டிரிஸ்டன் லாங் குழுவினர் காட்டினார்கள். ஆணின் ரசனை, இனத்தின் நல்ல பெட்டைகளையே பின்னுக்கு இழுக்கலாம்.

ஒரு மீன் இவ்வளவு கணக்குப் போடுமா?

போடாது. பெரிய உருவத்தின் பின்னால் போகத் தூண்டும் நரம்பமைப்பு இருந்தால் போதும். அந்தத் தூண்டுதல் உள்ள ஆணுக்குக் குட்டிகள் கூடினால், அடுத்த தலைமுறையில் அப்படிப்பட்ட ஆண்கள் கூடுவார்கள். கணக்கைப் போடுவது தலைமுறைகள்தான். பாட்டிலைக் கட்டிக்கொண்டு செத்த வண்டே இதற்குச் சாட்சி.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? பெண் பார்க்கும் சடங்கே ஆண் தேர்வுதானே?

இதைக் கேட்டது அந்தத் தாத்தா, பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பிள்ளை வளர்ப்பில் ஆணும் பெண்ணும் செலவழிக்கும் இனம் என்பதால் இரு பக்கமும் தேர்வு இருக்கும், அவ்வளவுதான் உயிரியல் சொல்லும். பெண் பார்க்கும் படலத்தில் மாமா, அத்தை, ஜாதகம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு விண்ணப்பம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு ஈயை வைத்து விளக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிள்ளையின் பள்ளித் திட்டப்பணிக்கு வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?

கப்பி வைத்துச் செய்யலாம், செலவும் குறைவு. கடையில் வாங்கிய மீனே போதும், கால்வாயில் இறங்க வேண்டாம். நீளத் தொட்டியின் இரு முனையிலும் தெளிவான ஒரு கண்ணாடி ஜாடி வையுங்கள். ஒன்றில் பெரிய பெட்டை, மற்றதில் சின்னது. நடுவில் ஒரு ஆணை விட்டு, பழக நேரம் கொடுத்து, எந்த ஜாடிக்குப் பக்கத்தில் எத்தனை விநாடி நிற்கிறது என்று பத்து நிமிடம் குறியுங்கள். பிறகு ஜாடிகளை இடம் மாற்றி மறுபடி செய்யுங்கள். இதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இடம் மாற்றாவிட்டால் ஆண் பெட்டையை விரும்பியதா, சன்னல் வெளிச்சத்தை விரும்பியதா என்று தெரியாது. ஒரே ஆணை வைத்து முடிவு எழுத வேண்டாம், பல ஆண்களை வைத்துப் பாருங்கள்.

பக்கத்தில் நின்றதாலேயே விருப்பம் என்றும் ஆகிவிடாது. பெரிய மீன் பக்கம் ஒண்டி நிற்பது பாதுகாப்புக்காகவும் இருக்கலாம். ஆகவே எஸ் மாதிரி வளைந்து ஆடியது எத்தனை முறை என்பதைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள். முடிந்தபின் மீனை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.